ஆறாவது ரிலே மட்டும்

டெலிபோன் ஆபீஸை மூடியபோது அங்கே கிடந்த ரிலேக்களை மொத்தமாக வாங்கிப் போட்டவன் நான். ரிலே என்றால் உள்ளங்கையளவு சாமான். செம்புக்கம்பி சுற்றிய காயிலில் கரண்ட் பாய்ந்தால் முன்னால் இருக்கும் இரும்பு நாக்கை 'டக்'கென்று இழுக்கும். எனக்குத் தெரிந்த படிப்பு அவ்வளவுதான். இருபது தட்டு, தட்டுக்குப் பதினொன்று, ஓர் அறை முழுக்க.

விடிந்தால் அந்த அறைக்கு மகளின் தையல் மிஷின்கள் வருகின்றன. பழைய இரும்புக்காரன் வண்டியோடு வாசலில் நின்றான். அவனிடம் போனால் எல்லாவற்றையும் உடைத்துச் செம்பை உருவிவிடுவான். முப்பது வருஷமாக "அத்தனையும் ஓடுற சாமான்" என்று வீட்டில் வாயடித்தவன் நான். எடைக்குப் போட்டால் நான்தான் முட்டாள்.

அவனுக்கு முன்பே வந்திருந்தவன் லிஃப்ட் மெக்கானிக். பழைய லிஃப்டுகளுக்கு இந்த ரிலேதான் வேண்டுமாம். "ஓடினா மொத்தத்தையும் எடுத்துக்கறேன்" என்றவன், முதல் தட்டைப் பார்த்து முழித்தான்.

"நாக்கு எங்க பெரியவரே?"

நாக்கை நான் வாங்கின அன்றைக்கே கழற்றிவிட்டேன். திருடன் வந்தால் வெறும் கூடுதானே கிடைக்கும்! தட்டுக்கு ஒரு கம்பி, வரிசை தப்பாமல் மாலை மாதிரி கோத்து, என் கட்டிலுக்கடியில் பூட்டி வைத்திருந்தேன்.

"திருடன் இதைத் தூக்கிட்டுப் போய் என்னப்பா பண்ணுவான்? ஹலோ சொல்லுவானா?" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு."

நான் எடுத்துவந்த முதல் கம்பியை மெக்கானிக் அவிழ்த்து, பதினொன்றையும் மாட்டி, பேட்டரியை வைத்தான். முதலாவது 'உர்ர்' என்று முனகியது. இரண்டாவதும் அப்படியே. ஆறாவது மட்டும் 'டக்'கென்று அடித்தது. மிச்சமெல்லாம் முனகல்.

"ஒவ்வொரு நாக்கையும் அததோட கூட்டுக்குப் பாத்து வளைச்சிருக்காங்க. நீங்க மாத்திக் கோத்துட்டீங்க."

"நான் மாத்தலைய்யா!"

இரண்டாவது தட்டிலும் ஆறாவது மட்டும்தான் அடித்தது. மூன்றாவதிலும் அதே ஆறாவது. எனக்குத் தலை காய்ந்தது. மாற்றிக் கோத்திருந்தால் எல்லாமே அல்லவா கெட்டிருக்க வேண்டும்? இந்த ஆறாவது மட்டும் என்ன புண்ணியம் செய்தது?

வாசலில் ஹாரன் அடித்தது. "தாத்தா, ஏத்தலாமா?" என்று குரல் வேறு.

இந்த மெக்கானிக்தான் ஏதோ கைவரிசை காட்டுகிறான் என்று தோன்றியது. விலையைக் குறைக்க எவன் எதைச் செய்வான் என்று யார் கண்டது? நான்காவது கம்பியை எடுத்தபோது அவன் விரலைவிட்டு என் கண்ணை எடுக்கவில்லை. கம்பியின் ஒரு முனையில் கொக்கி. நழுவாமல் இருக்க நானே வளைத்தது. மறுமுனையிலிருந்து உருவி, முதல் கூட்டில் மாட்டப் போனான்.

"நிறுத்துய்யா! அது கடைசிக் கூட்டோடது!"

முதலில் கோத்தது கொக்கிப் பக்கம் அல்லவா கிடக்கும்? உருவினால் கடைசிதான் முதலில் வரும். தலைகீழாகப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறோம். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் ஆறாவதுதான் நடு. அது மட்டும் தன் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

திருப்பி மாட்டினோம். டக், டக், டக். பதினொன்றும் அடித்தன. மெக்கானிக் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்க்கவில்லை.

மகள் வாசலுக்குப் போய், "அண்ணே, வண்டியை எடுங்க. இங்க எடைக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். சிரிப்பை அடக்கிய குரல்தான். இருக்கட்டும்.

மூன்று பேரும் உட்கார்ந்து மற்ற தட்டுகளையும் முடித்தோம். மெக்கானிக்கின் வண்டியில் ஏற்றும்போது கேட்டேன், "எந்தக் கட்டடத்து லிஃப்டுக்குய்யா இது?"

"ஏன், ஏறிப் பாக்கப் போறீங்களா?"

"ஏறுறதா? நீ மாட்டினதுல நானா? கீழ நின்னு பாப்பேன். நீ ஏறு."