பூமியின் முதல் வலம்

எங்கள் ஊராகிய செழுங்குடியில் பூமி சூரியனைச் சுற்றத் தொடங்கியது சென்ற ஆண்டு தை முதல் நாள் காலையில்தான். அதுவரை சூரியனே எங்களைச் சுற்றி வந்தார். கிழக்கே எழுந்து, தெற்கே சாய்ந்து, மேற்கே இறங்கி, எங்கள் சிவன் கோயிலை நாள்தோறும் வலமாக வந்துகொண்டிருந்த அவர்மேல் யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

பிற ஊர்களில் பூமி பல நூற்றாண்டுகளாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். ஆனால் எங்கள் ஊரில் ஒரு கண்டுபிடிப்பு நடைமுறைக்கு வரவேண்டுமானால் அதை அலுவலர் ஒருவர் நேரில் கொண்டுவந்து கோயில் மண்டபத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும். எல்லா வீட்டாரும் 'ஆகட்டும்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லாவிட்டாலும் அது ஊரெல்லையிலுள்ள பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும். நியூட்டன் பெருமகனார் கண்ட ஈர்ப்பு என் பாட்டனார் காலத்தில் வந்தது. அதற்கு முன் கை தவறிய பாத்திரங்கள், யாராவது எடுத்து வைக்கும்வரை அந்தரத்திலேயே நிற்குமாம். இரத்தம் இதயத்திலிருந்து புறப்பட்டு உடம்பைச் சுற்றி வருகிறது என்று ஹார்வி கண்டதை ஒரே பகலில் ஏற்றுக்கொண்டோம். உள்ளத்தைக் கோயில் என்று நம்புகிறவர்களுக்கு அங்கே ஏதோ ஒன்று சுற்றி வருவதில் மறுப்பு என்ன இருக்க முடியும்? டார்வின் சொன்னது வந்த பிறகு, கோபுரத்துக் குரங்குகளுக்குத்தான் திருமண அழைப்பை முதலில் வைக்கிறோம். அவையும் தவறாமல் வந்து முன்வரிசையில் அமர்கின்றன.

பூமியின் சுற்றைக் கொண்டுவந்தவர் கிருபாவதி என்னும் அம்மையார். நாசரேத்துக்காரர். ஐப்பசி மழையில் குடையும் ஒரு தோல்பையுமாக வந்து இறங்கி, சத்திரத்தில் தங்கினார். கிறிஸ்துமசுக்குள் வேலையை முடித்துக்கொண்டு கணவரிடமும் பிள்ளைகளிடமும் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர அவர் எங்களிடம் வேறு எதையும் எதிர்பார்க்கவில்லை.

மண்டபத்தில் அவர் பேசியதை நான் தூணோரமாக அமர்ந்து கேட்டேன். கோப்பர்நிக்கஸ் என்னும் பெரியவர் தம் நூல் அச்சாகி வந்தபோது மரணப் படுக்கையில் இருந்தார் என்றார். கலிலியோவை முதுமையில் முழந்தாளிட வைத்து, பூமி நகரவில்லை என்று சொல்லச் செய்தார்கள் என்றார். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு இளகியது. கொண்ட ஒன்றை விடாமல் பற்றியிருந்து துன்புற்றவர்களை அடியார் கூட்டத்தில் வைத்து எண்ணியே பழகியவன் நான். சூரியனும் பூமியும் இறைவனின் எட்டு வடிவங்களில் இரண்டு. ஒரு வடிவம் இன்னொரு வடிவத்தைச் சுற்றுவதில் இருவருக்கும் குறைவில்லை. பாதை வட்டமன்று, சற்றே நீண்டது என்று கெப்ளர் கண்டதையும் அம்மையார் சொன்னார். எங்கள் கோயிலின் வெளிப்பிராகாரமும் சற்றே நீண்டதுதான். பூமி தன்னைத்தானே சுற்றிக்கொள்வதை ஆத்மபிரதட்சிணம் என்று எடுத்துக்கொண்டோம்.

பிறகு அவர் குத்துவிளக்கைச் சூரியனாக வைத்து, ஓர் எலுமிச்சம்பழத்தை அதைச் சுற்றிக் கொண்டுபோனார். ஒவ்வொரு வீட்டாராக 'ஆகட்டும்' என்றார்கள். நானும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன்: பழம் இடமாகப் போய்க்கொண்டிருந்தது.

வலமாக வருவதற்கும் இடமாக வருவதற்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. இடமாகச் சென்ற ஒரு சுற்று, வலமாகச் சென்ற ஒரு சுற்றை அழித்துவிடும். பூமி இறைவனின் வடிவம் ஆகையால் அதற்குப் புண்ணியம் தேவையில்லை. ஆகவே அது சுற்றும் சுற்று, எப்பக்கமாயினும், அதன்மேல் இருப்பவர்களையே சேரும். அதாவது ஆண்டுக்கு ஒரு சுற்று நம் ஒவ்வொருவரிடமிருந்தும் கழியும். திசையை மாற்றிக் கொண்டுவர இயலுமா என்று அம்மையாரிடம் கேட்டேன்.

"திசை என் கையில இல்லை ஐயா. நான் கொண்டுவர மட்டும்தான் முடியும்," என்றார் அவர், உண்மையான வருத்தத்துடன்.

மண்டபத்தில் இருந்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. இளமை முதல் நாள் தவறாமல் பிராகாரம் வந்தவர்கள் அவர்கள்; ஆண்டுக்கு ஒன்று போனால் போகட்டும் என்றார்கள். ஆனால் என் தங்கை ஆவுடையம்மாளின் கணவர் கோமதிநாயகம் அங்கே வரவில்லை. அவர் மூட்டு தேய்ந்து கட்டிலோடு கட்டிலாகிவிட்டவர். அவரிடம் இருந்தது ஒரே ஒரு சுற்று.

அந்த ஒரு சுற்றும் கோயில் காளை துரத்தியதால் வந்தது. வாலிபத்தில் ஒரு நாள் காளைக்கு அஞ்சிக் கோயிலுக்குள் ஓடியவர், பிராகாரத்தை வலமாக முழுவதும் ஓடி முடித்தார். பின்னால் வந்த காளைக்கும் ஒரு சுற்று சேர்ந்தது. அது பிற்காலத்தில் நல்ல கதி அடைந்தது. மாப்பிள்ளையோ, கோயிலுக்கு எதிரிலேயே மளிகைக்கடை வைத்திருந்தும், நாளை ஆகட்டும் நாளை ஆகட்டும் என்று மூட்டு தேயும்வரை தள்ளிப்போட்டுவிட்டார். நாங்கள் ஒருமுறை அவரைக் கட்டிலோடு தூக்கிச் சுற்றினோம். தூக்கியவர்களுக்கே அது சேர்ந்தது. என் சுற்றுகளில் சிலவற்றைச் சன்னிதியில் நீர் வார்த்து அவருக்குக் கொடுத்தேன். மறுநாள் காலையில் அவை என்னிடமே திரும்பி வந்துவிட்டன.

ஆகவே நான் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். ஈர்ப்பு முதல் குரங்கு வரை எதற்கும் மறுப்புச் சொல்லாத குடும்பம் அது. கலிலியோவை முழந்தாளிட வைத்த இடத்தில் அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"அந்த வயசுல முட்டி போடச் சொன்னானுவளா? பாவி மக்க. நானா இருந்தா பூமியே இல்லன்னு சொல்லியிருப்பேன்."

பிறகு நான் எலுமிச்சம்பழத்தின் திசையைச் சொன்னேன்.

"எல்லாத்துக்கும் ஆகட்டும் சொல்லுவேன் அத்தான். இதுக்கு மாட்டேன். ஒரு வருசத்துக்குள்ள என் ஒத்தச் சுத்தும் போயிரும். அங்க போயி வெறுங்கையோட எப்படி நிக்க?"

நான் சத்திரத்துக்குப் போய் அதை அம்மையாரிடம் அப்படியே சொன்னேன்.

கார்த்திகை முழுவதும் பூமியின் சுற்று பேருந்து நிறுத்தத்தில் மழையில் நனைந்துகொண்டு நின்றது. பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் அதற்கு இடம்விட்டுத் தள்ளி நின்றார்கள். கிருபாவதி அம்மையார் அன்றாடம் மாலையில் போய் அதன்மேல் குடை பிடித்துவிட்டு வருவார். மாப்பிள்ளையை வற்புறுத்த எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை, அம்மையாரும் வற்புறுத்தவில்லை. ஆனால் மார்கழி பிறந்ததும் அவர் பிள்ளைகளைப் பற்றி அடிக்கடி பேசத் தொடங்கினார். பெரியவள் வீட்டு வாசலுக்கு நட்சத்திரம் செய்கிறாளாம்; விளக்கு பொருத்த அம்மா வரவேண்டும் என்று ஏற்றாமல் வைத்திருக்கிறாளாம். இதைக் கேட்ட ஆவுடையம்மாள், ஒருமுறை அவரே வந்து தன் கணவரிடம் நேரில் காட்டட்டும் என்றாள்.

அவர் வந்தார். மாப்பிள்ளை எழுந்து அமர முடியாதவர் ஆகையால், கட்டிலுக்கு நேர்மேலே சங்கிலியில் தொங்கிய தூக்குவிளக்கை நெஞ்சளவுக்கு இறக்கி ஏற்றினோம். அம்மையார் பக்கத்தில் நின்று எலுமிச்சம்பழத்தை விளக்கைச் சுற்றி மெல்லக் கொண்டுபோனார். நான் நின்றபடி மேலிருந்து பார்த்தேன். சந்தேகமில்லை, பழம் இடமாகவே போயிற்று.

"பாத்தீரா மாப்ளே, எடமாத்தான் போகுது," என்றேன்.

"கண்ணு தெரியலையா அத்தான்? வலமால்லா போகுது."

"கண்ணாடியப் போட்டுட்டுப் பாரும்."

"போட்டுட்டுத்தான் கெடக்கேன். ஒங்களுக்குப் பிராகாரம் சுத்திச் சுத்தித் தலை கிறுகிறுத்துப் போச்சு."

ஆவுடையம்மாள் குறுக்கே வந்தாள். கணவரைச் சற்று நகரச் சொல்லி, கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்துப் பார்த்தாள். "அவுக சொல்லுதது சரிதான் அண்ணாச்சி," என்றாள். எழுந்து நின்று பார்த்தாள். "நீங்க சொல்லுததும் சரிதான்." பிறகு நானும் அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். பழம் வலமாகப் போயிற்று. கிருபாவதி அம்மையார் கை வலித்தும் பழத்தை நிறுத்தவில்லை.

இதைக் கண்டு எழுதிய பெரியவர்கள் வடக்கு நாட்டவர்கள், அவர்கள் வடக்கே தலைவைத்துப் பார்த்ததைச் சொன்னார்கள், தெற்கே தலைவைத்துக் கீழிருந்து பார்த்தால் வலமாகவே தெரியும், இரண்டும் ஒன்றே என்று அவர் விளக்கினார். இரண்டும் ஒன்று என்பதை என் மனம் ஏற்கவில்லை. மேலே வாழ்ந்துகொண்டு கீழிருந்து எண்ணுவது நேர்மையாகாது. வலத்தின் பயன் வேண்டுமென்றால், வலமாகத் தெரியும் இடத்தில்தான் வாழ வேண்டும். இதை நான் சொன்னதும் மாப்பிள்ளை என்னை முதன்முறையாக மதிப்போடு பார்த்தார்.

"அப்ப ஊரைத் திருப்பிப் போட்டுருவோம்," என்றார். "போட்டா ஆகட்டும்."

அம்மையார் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் கண்ணை மூடிச் சிறிது செபித்தார். அன்று பிற்பகலே பேருந்து நிறுத்தத்துக்குப் போய், பூமியின் சுற்றை ஊருக்குள் விட்டுவிட்டு, அடுத்த பேருந்தில் ஏறிப் போனார். தை முதல் நாள் அது தானாகவே தொடங்கும் என்று சொல்லியிருந்தார்.

மார்கழிக் கடைசி நாளில் ஊரைத் திருப்பினோம். தேர் இழுப்பவர்கள் தேர்வடங்களைக் கொண்டுவந்து ஊரின் வடவிளிம்பில் கட்டினார்கள். முட்டுக்கட்டை போடுகிறவர் தம் கட்டைகளுடன் தென்விளிம்பில் நின்றார். இறைவனுக்கு அடியும் முடியும் இல்லை ஆகையால் அவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அர்ச்சகரிடம் மட்டும் கேட்டுக்கொண்டோம். ஈர்ப்பினாலும் தொல்லை நேரவில்லை. பொருள்கள் அவரவர் காலின் பக்கம் விழும் என்று சொல்லித்தான் என் பாட்டனார் காலத்தார் அதை ஏற்றிருந்தார்கள். பெண்கள் பாத்திரங்களைக் கட்டிவைத்தார்கள். நடுப்பகலில் வடத்தை இழுத்தோம். அடை திருப்புவதுபோல ஊர் ஒரே வீச்சில் திரும்பியது. குளத்தில் கொஞ்சம் நீர் தளும்பியதோடு சரி.

அன்று முதல் வெளிச்சம் கிணறுகளின் வழியே வருகிறது. காலையில் கிணற்றடியில் நிற்பவர்களுக்கு இளவெயில் முகத்தில் அடிக்கிறது. நண்பகலில் வாளியை இறக்கப் போகிறவர்கள் குடையை விரித்துக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். வெளியூர்ப் பேருந்துகள் எங்கள் எல்லையில் ஒருமுறை குலுங்கித் திரும்பிக்கொள்கின்றன. தைப் பொங்கலன்று கிணற்றைச் சுற்றிப் பானை வைத்தோம். பால் பொங்கிய வேளையில் பூமி புறப்பட்டது. நின்ற பேருந்து நகரும்போது உண்டாகும் சிறு தள்ளாட்டம் காலில் தெரிந்தது.

அதன் பிறகு வந்தது மாப்பிள்ளையின் ஆண்டு. தினமும் நான் பிராகாரம் வந்துவிட்டு அவர் வீட்டுக்குப் போவேன். என் கால் வலிக்கும். அவர் படுத்துக்கொண்டே பயணம் செய்துகொண்டிருப்பார். எங்கே வந்திருக்கிறோம் என்று கேட்டால், சித்திரை தாண்டியாயிற்று என்பார், பாதி வழி கடந்தவர்போல. ஆடிக்காற்றில் பூமி பின்வாங்கிவிடுமோ என்று மட்டும் அஞ்சினார். ஒருமுறையும் கடவுளைப் பற்றிப் பேசாதவர், இப்போது வழியில் என்னென்ன தெரிகிறது என்று என்னைக் கேட்டார். பதிகங்களைப் படித்துக் காட்டினேன்.

கார்த்திகையில் அவருக்குச் சளி கட்டியது. மார்கழியில் மருத்துவர் ஆவுடையம்மாளைத் தனியே அழைத்துப் பேசினார். குறைச் சுற்று சேராது என்பது எல்லாருக்கும் தெரியும். பிராகாரத்தில் முக்கால் பங்கு வந்து திரும்பிவிட்டவருக்கு ஒன்றும் கிடையாது. மாப்பிள்ளை மருத்துவரிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: தை எப்போது பிறக்கிறது? அதன்பின் பேச்சு குறைந்தது. மூச்சு வருவதும் நிற்பதுமாக இருந்தது. நான் கட்டிலருகே அமர்ந்து இடைவிடாமல் படித்தேன். போகிப் பண்டிகையன்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"பையப் போகுதே அத்தான். எறங்கித் தள்ளலாமா?"

"நீங்க சும்மா கெடங்க," என்றாள் என் தங்கை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வண்டி சரியாத்தான் போகுது."

மறுநாள் காலையில் கிணறுகள் வெளுத்தன. தெருவில் பானைகள் ஏறின. ஓராண்டுக்கு முன் உணர்ந்த அதே தள்ளாட்டம், இப்போது எதிர்ப்பக்கமாக, என் காலில் தெரிந்தது. பூமி புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. மாப்பிள்ளை கண் திறந்திருந்தார். உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"ரெண்டு," என்றார்.

அவர் முகம் தெளிந்திருந்தது. காபி கேட்டார்.

ஆவுடையம்மாள் காபியைக் கொண்டுவரும்போது வீடு மெல்ல முன்பக்கமாகச் சாய்ந்தது. வலம் வந்து முடித்தவர் விழுந்து வணங்குவது முறை ஆகையால் பூமி விழுந்து வணங்கிக்கொண்டிருந்தது. கிருபாவதி அம்மையார் இதைச் சொல்லவில்லை. அந்தப் பெரியவர்களும் எழுதியதாகத் தெரியவில்லை. நானும் தங்கையும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டோம். பூமிக்கு வயதாகிவிட்டதால் எழுந்திருக்கச் சற்று நேரம் பிடித்தது. அது எழுந்து நிமிர்ந்ததும், சூரியன் கிணறுகளின் வழியே ஊரெங்கும் மேல்நோக்கித் திருநீறு தூவினார். எங்கள் முற்றத்திலும் வந்து விழுந்தது.

நான் போய் ஒரு கை அள்ளிவந்து மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தேன். சூரியனிடமிருந்து வந்தது ஆகையால் கொதித்தது. ஆவுடையம்மாள் ஊதி ஊதி ஆற்றிக் கொடுக்க, மூவரும் பூசிக்கொண்டோம்.