மஞ்சள் தூண்

நீல பிளாஸ்டிக் நாற்காலி, தூணுக்கு முதுகைக் காட்டியபடி, அதில் அம்மா இல்லை, உணவங்காடியில் இடம்பிடிக்க அவள் வைத்துவிட்டுப் போகும் டிஷ்யூ பொட்டலம்கூட இல்லை, ரெண்டு நிமிஷம் உட்காந்திருங்கம்மா, குடைய எடுத்துட்டு வந்துர்றேன் என்று சொல்லி மேலே வீட்டுக்குப் போனவள் நான், போனது ஐந்து மணிக்கு, இப்போது ஐந்தரை, மேசையில் கணினி திறந்தே கிடந்தது, நகர மன்ற அறிவிப்பொன்றை மொழிபெயர்த்துக் கொடுக்கவேண்டும், வாய்ட் டெக்கில் சைக்கிள் விடக்கூடாது என்று, நீதிமன்றத் தாளில் வாய்ட் என்று வந்தால் செல்லாது என்பேன், விண்வெளிச் செய்தியில் வெற்றிடம், இரங்கல் குறிப்பில் ஈடுசெய்ய முடியாத இழப்பு, வீடுகள் இல்லாமல் தூண்கள் மட்டும் நிற்கும் இந்தத் தரைத்தளத்துக்கு என்ன போடுவது, வெற்றுத்தளம் என்று அடித்தேன், அழித்தேன், திறந்த தளம், அதையும் அழித்தேன், ஒரு சொல்லுக்காக அரை மணி நேரம் அம்மாவை மறந்திருக்கிறேன். போன மாதம் இதே சொல்லைச் சொன்னபோது வெத்துத்தளமா என்று சிரித்தாள் அம்மா, உனக்குக் காது குத்தினது அங்கதான்டி, எதிர்வீட்டு ரோக்கியா மகளுக்குக் கல்யாணம் அங்கதான், உங்கப்பாவ வச்சிருந்ததும் அங்கதான், வெறும் இடம்னு எந்த மடையன் பேரு வச்சான், அப்பாவின் உடலை அங்கே வைத்திருந்த அன்று நான் மெல்பர்ன் விமான நிலையத்தில் இருந்தேன், விமானம் ஏழு மணி நேரம் தாமதம், வந்து சேர்ந்தபோது கழுவிவிட்ட தரை மட்டும் இருந்தது, ஏன் வரவில்லை என்று இந்தப் பதினோரு வருடத்தில் அம்மா ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மூலைக்கடை நசீர் பாய் தலையை நீட்டுகிறார், அம்மாவையா தேடுறீங்க, அப்பவே போயிட்டாங்க, வீட்டுக்குப் போறேன்னாங்க, வீடு இங்கதானேம்மான்னு சொன்னா, இது எங்க புளோக் இல்ல, எங்க தூணு மஞ்சள்னு என்னைப் போட்டு ஏசுறாங்க, பிடிச்சு உட்கார வைக்கக் கூடாதா பாய் என்கிறேன், பிள்ள மாதிரி கையப் பிடிக்கவா முடியும், விட்டா அடிச்சிருப்பாங்க லா. இரண்டு வாரத்துக்கு முன்புதான் எங்கள் தூண்களுக்குச் சாம்பல் நிறம் அடித்தார்கள், அதற்கு முன் எல்லாம் மஞ்சள், காணாமப் போனா அழக் கூடாது, மஞ்சத் தூணப் பிடிச்சுக்கிட்டு நில்லு, அம்மா வந்துருவேன் என்பாள், அப்போது எனக்கு ஏழு வயது, ஓடுகிறேன், முழங்கால் வலிக்கிறது, ஐம்பத்திரண்டு வயது, அடுத்த கட்டடம், புளோக் 412, சாம்பல், 413 சாம்பல், கல்மேசை, சதுரங்கக் கட்டங்கள், யாருமில்லை, 414, அதே கல்மேசை, அதே அறிவிப்புப் பலகை, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டேனா, நடுவில் பெரிய சாலை, பஸ் ஒன்று கிறீச்சிட்டு நிற்கிறது, திரும்பிப் பார்க்கப் பயமாயிருக்கிறது, பார்க்கிறேன், யாரோ ஒரு பையன்தான், வரிசையாகத்தான் வண்ணம் அடித்து வருகிறார்கள், எங்கேயோ ஓரிடத்தில் சாம்பல் முடியவேண்டும், 418, பாதித் தூணில் சாரம் கட்டியிருக்கிறார்கள், 419 மஞ்சள்.

மஞ்சள் தூண்களுக்கு நடுவே வெள்ளைத் துணிப் பந்தல், ஊதுபத்திப் புகை, ஒரு சீனப் பெரியவரின் படம், வட்ட மேசைகளில் வேர்க்கடலை, முன்வரிசையில் அம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்ட, இறந்தவரின் மகன் எழுந்து வருகிறார், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பிக்கிறேன், அவர் ஆங்கிலத்தில் மெல்லச் சொல்கிறார், பரவாயில்லை, வந்ததிலிருந்து அழுகிறார், அப்பாவோடு வேலை பார்த்தவர் என்று நினைத்தோம், இருக்கட்டும், அப்பாவுக்காக இவ்வளவு நேரம் வேறு யாரும் அழவில்லை. அம்மா நிமிர்ந்து பார்க்கிறாள், வந்துட்டியா, பிளேன் லேட்டுன்னாங்க, எங்க வராமப் போயிருவியோன்னு பயந்துட்டேன்டி, அப்பாவ இன்னும் எடுக்கல, வா, இப்படி வந்து உக்காரு. அவளுக்குப் பக்கத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி, அதில் யாருமில்லை, நடுவில் ஒரு டிஷ்யூ பொட்டலம், ரெண்டு மூணு பேரு உக்கார வந்தாங்க, ஆள் வருதுன்னு சொல்லி அனுப்பிட்டேன் என்றாள், பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.