ஏழாவது துளையில் ஒட்டிய தாள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு ஓர் அலமாரிக்குள் கிடைத்தது. போன வருஷம், 1946-ல், புத்தகம் வைக்கலாமென்று கொடைக்கானல் பஜாரில் பழைய அலமாரி ஒன்று வாங்கினேன். நாலு பேர் தூக்கிவந்து செண்பகனூரில் என் அறையில் வைத்தார்கள். விற்றவர் அப்போதே எச்சரித்தார்: இது புத்தக அலமாரி இல்லை, மழைக்காலத்தில் துணி உலர்த்தும் பெட்டி, யாரோ ஒரு துரை செய்யச் சொன்னது, பிறகு ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் வீட்டில் இருந்தது என்று. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்று என் புத்தகங்களில் பாதிக்குப் பூஞ்சை பிடித்திருக்கிறது.

அடித்தட்டில் கரிச்சட்டி வைத்த வட்டத் தழும்பு. அதற்கு மேல் துணி தொங்கவிடக் கம்பிகள். கதவுக்கு அடியில் காற்று நுழைய ஓர் இடுக்கு. மேல்பலகையில் ஏழு துளைகள். ஆறு திறந்திருக்கின்றன, ஒவ்வொன்றைச் சுற்றியும் பழைய பசைக்கறை. ஏழாவதன்மேல் மட்டும் பழுப்புத்தாள் ஒன்று, நாலு மூலையும் மடித்து, ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம், பெயர்கள் உட்பட, என் சரக்கு.

2

"ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது..."

மழைக் கதையை மழையில் தொடங்குவது சோம்பேறித்தனம். அடித்துவிட்டேன்.

"ஜவுளிக்கடை ஜமால் முகம்மது யாரிடமும் அதிர்ந்து பேசாதவர், ஆனால்..."

ஆனால் என்ன? எனக்கே தெரியவில்லை. இதையும் அடித்தேன்.

"ஆமினாவுக்குப் பிள்ளை பிறந்து இருபத்திரண்டு நாளாயிற்று. இந்த இருபத்திரண்டு நாளில் ஒரு பிள்ளைத்துணிகூட முழுசாய்க் காயவில்லை."

இது நிற்கட்டும்.

3

வருஷம் 1934 என்று வைத்துக்கொள்வோம். பெண் குழந்தை, ஒரு மாதம் முந்திப் பிறந்தது. ஈரம் போகாத துணியிலேயே கிடந்து அதற்குச் சளி பிடித்தது. இரண்டு நாளாக நெஞ்சில் கரகரவென்று ஒரு சத்தம். ஜமால் முகம்மது பயந்துபோனார். பழனியில் ஆமினாவின் தாய்வீட்டில் வெயில் அடிக்கும். ஆனால் பஸ் போகும் பாதையில் மண் சரிந்து கிடந்தது. மிச்சமிருப்பது ஒற்றையடிப் பாதை, ஆள் தூக்கும் டோலியில் ஒரு பகல் முழுக்க நனைந்துகொண்டே இறங்க வேண்டும். அந்த நெஞ்சு அதைத் தாங்குமா என்று ஆமினா கேட்டாள். இங்கே இருந்தால் மட்டும் தாங்குமா என்று அவர் கேட்டார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான்.

"நாளைக்கு வெள்ளனே எறங்கிருவோம் ஆமினா. டோலிக்காரங்ககிட்ட சொல்லிட்டேன்" என்றார் கடைக்குக் கிளம்பும்போது.

(பெட்டியைப் பற்றி: பிள்ளைக்காகவே அதைத் தேடிப்பிடித்து வாங்கியவர் அவர்தான். தாழ்வாரத்தில், ஆமினா படுத்திருக்கும் அறைக்கு நேரெதிரே வைத்திருந்தார். தணல் அரைமணியில் மங்கியது. கரி சரியில்லை என்று கரியை மாற்றினார். பிறகு துணியைப் பிழிவது போதாது என்று தாமே முறுக்கிப் பிழிந்தார். பிறகு ஒரே நேரத்தில் நாலு துணிக்குமேல் போடக்கூடாது என்று சட்டம் போட்டார். துணி சூடாக வந்தது. சூடாகவும் ஈரமாகவும் வந்தது.)

4

இந்த இடத்தில் ஒரு தப்பு செய்தேன். பூண்டி கிராமத்திலிருந்து பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு கொண்டுவரும் காளியாயி என்ற பெண்ணை உள்ளே வரவைத்து, பெட்டியை ஒரு பார்வை பார்த்துக் குறையைச் சொல்லும்படி எழுதினேன். மலையில் வேலை செய்கிறவளுக்கு எல்லாம் தானாகவே தெரியும் என்று எழுதுவது பட்டணத்து எழுத்தாளனுக்கு வசதி. யோசிக்கிற வேலை மிச்சம். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

உண்மையில் காளியாயி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன தாயி, பெட்டிக்குள்ளயும் மழை பேஞ்சு கெடக்கு" என்றாள். அவ்வளவுதான்.

ஆனால் அவள் கையில் பூண்டு நிறுக்கிற தராசு ஒன்று இருந்தது.

5

இனி எழுதப்போவதை நான் கொஞ்சம் பெருமையோடுதான் எழுதுகிறேன். நாற்பது நாள் தீட்டு முடியாமல் கட்டிலை விட்டு இறங்கக்கூடாதவள், எழுத்துப் படிக்காதவள், அன்று காலை செய்ததை நானாக இருந்தால் செய்திருக்க மாட்டேன். நான் அழுதிருப்பேன்.

ஆமினா காளியாயியிடம் ஒரே அளவுத் துணி இரண்டை நனைத்துப் பிழியச் சொன்னாள். தராசில் போட்டுப் பார்த்தாள், தட்டுகள் சமமாக நிற்கும்வரை ஒன்றை மட்டும் இன்னும் பிழியச் சொன்னாள். ஒரு துணி பெட்டிக்குள் போயிற்று. இன்னொன்று அறையில் கொடியில். ஒரு மணி கழித்து இரண்டையும் மறுபடி தட்டில் போட்டாள். தராசு அசையவில்லை. இத்தனை கரியைத் தின்றுவிட்டு அந்தப் பெட்டி ஒரு சொட்டு ஈரத்தைக்கூட வெளியே அனுப்பவில்லை.

காளியாயிக்குச் சோலி கிடந்தது. ஆனாலும் அவள் போகவில்லை.

பிள்ளையைக் குளிப்பாட்டியதும் காட்டுகிற சாம்பிராணிச் சட்டி மூலையில் புகைந்துகொண்டிருந்தது. ஆமினா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தச் சொன்னாள். இருவரும் காத்திருந்தார்கள். மேலே ஒரு நூல் புகைகூட எழும்பவில்லை. கதவைத் திறந்ததும் உள்ளே இருந்த அத்தனை புகையும் காளியாயியின் முகத்தில் வந்து மோதியது.

"உள்ள போன பொகையே வெளிய வரக் காணோம்" என்றாள் ஆமினா. "அப்ப ஈரம் மட்டும் எந்த வழியாப் போகும்?"

6

"காளியாயி முக்காலியில் ஏறி..."

இல்லை. ஆமினாதான் ஏறினாள். பச்சை உடம்புக்காரி கையைத் தலைக்குமேல் தூக்கக்கூடாது என்று காளியாயி தடுத்தும் கேட்காமல் ஏறினாள்.

மேல்பலகையில் ஏழு பழுப்புத்தாள்கள். நாலு மூலையும் மடித்து, மடிப்பை விரலால் நீவி ஒட்டியவை. இந்த மடிப்பு அவளுக்குத் தெரியும். ஒவ்வோர் ஐப்பசியிலும் கடை அலமாரிகளின் சந்துபொந்துகளையெல்லாம் ஜமால் முகம்மது இப்படித்தான் அடைப்பார், ஈரக்காற்று ஏறிப் பட்டில் பூஞ்சை பிடித்துவிடக் கூடாதே என்று. துணிக்கட்டுகள் சுற்றிவரும் தாள், கொதிக்கக் காய்ச்சிய மாவுப்பசை. பெட்டி வீட்டுக்கு வந்த அன்று ஏழு ஓட்டைகளைப் பார்த்திருக்கிறார். கை தானாகப் பசைக்குப் போயிருக்கிறது. மகள் துணிக்கு ஈரம் ஏறக்கூடாதே!

ஈரக்காற்றுக்கு உள்ளே வழி இல்லாமல் செய்யத் தெரிந்த மனுஷர், ஈரத்துக்கு வெளியே வழி விட மறந்துவிட்டார். இவர்மேல் கோபப்பட முயன்றேன். முடியவில்லை.

7

ஆமினா தாள்களைக் கிழித்தாள். தணல் சிவந்தது. மறுபடியும் தராசுச் சோதனை, மறுபடியும் இரண்டு துணி. மதியச் சாப்பாட்டுக்கு ஜமால் முகம்மது வந்தபோது அவள் இரண்டையும் தட்டுகளில் போட்டாள். பெட்டியில் காய்ந்த துணியின் தட்டு சட்டென்று மேலே போயிற்று.

அவர் அந்தத் துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு குழந்தைக்குத் தாமே சுற்றிவிட்டார்.

"டோலிக்காரங்கள வரவேணாம்னு சொல்லிர்றேன்" என்றார். பிறகு கேட்டார்: "என்ன கோளாறு ஆமினா? யார் செஞ்ச தப்பு?"

8

இங்கே என் பேனா நிற்கிறது.

அவள் பளிச்சென்று உண்மையைச் சொல்லி, இருவரும் சிரித்தார்கள் என்று ஒரு முடிவு எழுதினேன். கரியில்தான் ஈரம் என்று அவள் பொய் சொன்னதாக இன்னொன்று. இரண்டையும் எழுதிவிட்டு, எழுந்துபோய் என் அலமாரியின் மேல்பலகையைப் பார்த்தேன்.

ஆறு துளைகள் திறந்திருக்கின்றன. ஏழாவதை ஏன் விட்டாள்? கை எட்டாத மூலை இல்லை அது. அந்த நேரம் பிள்ளை அழுதிருக்கலாம். ஆறே போதும் என்று நினைத்திருக்கலாம். அல்லது அந்த மடிப்பைப் பார்த்து, மகளுக்காக அவர் நீவிய விரலை நினைத்து, இது ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும் என்று இறங்கியிருக்கலாம்.

நகம் வைத்தால் ஒரு நொடியில் வந்துவிடும். என் புத்தகங்களுக்கும் கொஞ்சம் காற்று கிடைக்கும். எனக்குத்தான் மனம் வரவில்லை.

அவருக்கு அவள் சொன்ன பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், அந்தத் தாளை மட்டும் கிழித்துவிடாமல் எழுதுங்கள்.