இடுப்பு வரைக்கும் அம்மன்

கார்ட்டூனில் வந்த திருடன் புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, காணாமல் போன சிலையோடு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தான். காவலர் பரமானந்தம் அவனிடம் டிக்கெட் கேட்டார். சிலைக்கு டிக்கெட் கிடையாது. கேமராவுக்குத்தான் உண்டு.

கோடு போட்ட பனியன், கன்னத்தில் மரு, கக்கத்தில் அம்மன். திங்கட்கிழமை பேப்பரில் எப்படி வரைந்திருந்தார்களோ அப்படியே இருந்தான். பெயர் ஜோதிலிங்கம் என்றான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பஞ்சர் கடை வைத்திருக்கிறானாம்.

"நீதான் எடுத்தியா?" என்று கேட்டார் பரமானந்தம்.

"இல்லீங்க. ஆனா என்னைத்தானே வரைஞ்சிருக்காங்க? ஊர்ல எல்லாரும் கேட்டாங்க. வீட்ல போய்ப் பாத்தேன். கட்டிலுக்கு அடியில இருந்துச்சு."

பரமானந்தத்துக்கு இது நியாயமாகத்தான் பட்டது. உள்ளே விட்டார்.

அந்தக் கார்ட்டூனில் அவரும் இருந்தார். ஸ்டூலில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். தலைக்கு மேல் மூன்று 'கொர்'. திருடன் அவர் தோளைத் தட்டி, "சார், கைல பாரம் இருக்கு. கதவைக் கொஞ்சம் தொறந்து விடுறீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

திங்கட்கிழமை முதல் மூன்று கொர்களும் அவர் தலைக்கு மேலேயே நின்றன. பஸ்ஸில் பின்சீட்டுக்காரர்கள் மறைக்கிறது என்று சத்தம் போட்டார்கள். அவர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போனார். மனைவி ஒரு துண்டைப் போட்டு மூடிப் பார்த்தாள். துண்டும் சேர்ந்து மிதந்தது.

உண்மையில் பரமானந்தம் தூங்குகிற ஆள் இல்லை. அதை வெளியே சொல்லவும் வழியில்லை. தூங்கவில்லை என்றால் பிறகு என்னதான் செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பார்களே.

பதினொரு வருடமாக மூன்றாம் அறைக்கு அவர்தான் காவல். தினமும் காலையில் பதிவேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் நேராக 'உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே சனிக்கிழமையே உட்கார்ந்து அடுத்த வியாழன் வரைக்கும் எழுதி முடித்துவிடுவார். பிறகு வாசலைப் பார்த்து ஸ்டூலைப் போட்டுக்கொள்வார். அங்கேதான் காற்று வரும். அம்மன் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அல்லது இருந்ததாக எழுதியிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து வெறும் பீடத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். கடைசியாகப் போன டீச்சர்தான் இதில் என்ன இருந்தது என்று கேட்டார்.

காப்பாட்சியர் வைதேகி ஒரு நிபுணரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாற்காலி பற்றவில்லை. நிபுணர் காலிப் பீடத்தின் மேல் ஏறி உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினார். சிலையை ஜோதிலிங்கம் மடியில் வைத்துக்கொண்டான்.

சிலை இடுப்போடு முடிந்திருந்தது. முதுகும் இல்லை.

"மிச்சம் எங்கய்யா?" என்றார் நிபுணர்.

"படத்துல அவ்வளவுதாங்க. அதுக்குக் கீழ குக்கர் விளம்பரம்," என்றான் ஜோதிலிங்கம்.

கோப்பைப் பிரித்தார்கள். சிலையின் போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் முன்பிருந்த காப்பாட்சியரின் பிரிவு உபசார விழாப் படம் இருந்தது. பதினாறு பேர் மாலையோடு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் அம்மனின் ஒரு காது மட்டும் தெரிந்தது. நிபுணர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். காது பொருந்துகிறது என்றார்.

வைதேகி திரும்பிப் பரமானந்தத்தைப் பார்த்தார். அதற்குள் அறை நீண்டுவிட்டிருந்தது. கேள்வி அவரிடம் வந்து சேரச் சற்று நேரம் பிடித்தது.

"பரமானந்தம், தினமும் பாத்தவர் நீங்க ஒருத்தர்தான். கால் இருந்துச்சா, இல்லையா?"

பரமானந்தம் மனதுக்குள் அம்மனைத் தேடினார். ஸ்டூல் வந்தது. வாசல் வந்தது. எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடை வந்தது. அந்தக் கடைக்காரனின் சட்டைப் பட்டனைக்கூட அவரால் சொல்ல முடியும். அம்மன் மட்டும் வரவில்லை. தெரியாது என்று சொன்னால் பதினொரு வருடக் கையெழுத்தும் பொய்யாகிவிடும். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"கால் கெடையாதுங்கம்மா. நான் சேந்த நாள்லேர்ந்தே இப்படித்தான்."

அப்படியே எழுதிக்கொண்டார்கள். எல்லோருக்கும் நிம்மதி. நிபுணர் இறங்கினார், அம்மன் ஏறியது. ஜோதிலிங்கத்துக்கு ஒரு நன்றிக் கடிதம் கொடுத்தார்கள். அவன் அதை லேமினேட் செய்யப் போய்விட்டான்.

மறுநாள் பேப்பரில் பரமானந்தத்தை நிற்க வைத்து வரைந்திருந்தார்கள். மீசை முறுக்கிவிட்டிருந்தது. அவர் வீட்டை விட்டு இறங்கும்போது மூன்று கொர்களும் வாசற்படியில் உதிர்ந்தன. மனைவி பெருக்கித் தள்ளினாள். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். பரமானந்தத்துக்குத் தலை நிமிரவில்லை. கொர்களோடு இருந்ததே தேவலை என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நர்ஸ் யூனிஃபார்மோடு வந்தாள். நேராகப் பீடத்தின் முன்னால் போய்க் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"அண்ணே, இதுக்குக் கால் இருந்துச்சே?"

"நீங்க யாரும்மா?"

"ஆறு வருஷமா ஞாயித்துக்கெழம தவறாம வர்றேன். போன மாசம்தான் டூட்டி மாத்திட்டாங்க, வர முடியல. உங்க முதுகு எனக்கு நல்லாப் பழக்கம்ண்ணே."

அவள் பீடத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

"எடது கால்ல ரெண்டாவது வெரல் கொஞ்சம் நீட்டமா இருக்கும். எங்கம்மாவுக்கு அப்படித்தான் இருந்துச்சு. அம்மா போய்ச் சேந்துட்டாங்க. வீட்ல இருக்குற போட்டோ பூராவும் மொகம்தான். கால யாரு போட்டோ எடுத்து வைப்பா? அதான் இங்க வந்து பாத்துட்டுப் போவேன்."

அவர் வாயைத் திறந்தார். கார்ட்டூன் திருடனே கொண்டுவந்து கொடுத்தாயிற்று. நிபுணர் எழுதியாயிற்று. பேப்பரில் மீசையும் வந்துவிட்டது.

"இல்லம்மா. கால் கெடையாது. எப்பவுமே இப்படித்தான்."

அவள் பீடத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தெனமும் பாக்குறவரு நீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." அவள் முகம் சுண்டிப்போனது. "அப்ப இத்தன வருஷமா இல்லாத காலையா பாத்து அழுதுட்டுப் போயிருக்கேன்? வெளிய தெரிஞ்சா வெக்கக்கேடுண்ணே. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேம்மா," என்றார் பரமானந்தம்.

அவள் அவருக்கு இரண்டு முறை நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.