பச்ச மீனுக் கிண்ணம்

பச்ச மீனை சோத்து மேல போட்டு துன்றதுக்கு ஒரு கடையாம். அதுவும் நம்ம திருவொத்தியூர்ல, விம்கோ நகர் மெட்ரோவாண்ட. முப்பது வருஷமா காசிமேட்டுல ஏலம் எடுத்து மீன் விக்கிறவ நானு, ஜானட்டு. மீனை வேக வெக்காம துன்னு நான் பாத்தது பூனைய மட்டுந்தான். ஆனா என் புள்ள ஜெரால்டு அந்தக் கடையில சேந்து ஒரு வருஷம் ஆவுது. அடுத்த வாரம் அவனை மேனேஜர் ஆக்கறாங்களாம், ஒரு தபா வந்து பாரும்மான்னு கெஞ்சினான். சரி, பெத்த கடனுக்குன்னு போனேன்.

கண்ணாடிக்குப் பின்னால வரிசையா டப்பா. இது போடு, அது போடுன்னு நாமதான் கைய காட்டணும். ஆறிப்போன சோறு, வெள்ளரிக்கா, மாம்பழம், கடல்பாசி, அது மேல இனிப்பா ஒரு கொழகொழ சாறு. மீனுக்கு மாம்பழம்! சூரை மீனை தாயக்கட்டை மாதிரி வெட்டி வெச்சிருந்தானுங்க. கண்ணும் இல்ல, செவுளும் இல்ல, எதப் பாத்து நல்ல மீனுன்னு வாங்கறது?

வந்தது வந்துட்டோம், புள்ள மனசு நோவக் கூடாதுன்னு மீனையே காட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால நின்ன ஜெரால்டு, உனுக்கு வேணாம்மான்னு சொல்லி, வெந்த கோழிய அள்ளிப் போட்டான். அம்மாவுக்கு எது ஆவாதுன்னு தெரிஞ்சு வெச்சிகீறானேன்னு பூரிச்சிப் போனேன்.

அப்பால ஒரு பொண்ணு அஞ்சு வயசுக் கொழந்தையோட வந்துச்சு. அதுங்களுக்குக் கிண்ணம் நெறைய மீனை ஜெரால்டுதான் போட்டுக் குடுத்தான். என்னைத் தாண்டி எடுத்துகினு போவும்போது அடிச்சுது பாரு, வாடை. சாறு, எலுமிச்சம்பழம் எல்லாத்தையும் மீறி, ஐஸ் தண்ணியில நாலு நாள் ஊறின மீனு வாடை. ஊருக்குத் தெரியாது, எனுக்குத் தெரியாம பூடுமா?

எழுந்து போய் ஜெரால்டு காதுல, மீனு கெட்டுப் போச்சுடா, எடுத்துக் கொட்டுன்னேன். அவன் திடுக்கிடவே இல்ல.

"தெரியும்மா. அதனாலதான் உனுக்குக் கோழி போட்டேன். ஓனர் பாத்துகினு கீறாரு, வாயத் தொறக்காத. என் வேலையே பூடும்."

த்தூ. அந்த மீனு கூட எனுக்கு அவ்ளோ அருவருப்பா இல்ல. நான் பெத்து வளத்தவன் மூஞ்சியப் பாக்கவே கூசிச்சு. நானும் ரெண்டு நாள் ஆன மீனை வித்திருக்கேன், இல்லன்னு சொல்லல. கொழம்புக்கு ஆவாது, கருவாடு போட்டுக்கோன்னு சொல்லித்தான் வித்தேன்.

கொழந்தை ஸ்பூன்ல மீனை அள்ளிச்சு. ஜெரால்டு என் முந்தானையப் புடிச்சான். உதறிட்டுப் போய் அது கையில இருந்து ஸ்பூனைப் புடுங்கினேன். அம்மாக்காரி பதறி எழுந்து, யாரு நீங்கன்னு கேட்டா. கடையே திரும்பிப் பாத்துச்சு, ஓனரும்தான்.

"துன்னாதீங்கம்மா, கெட்டுப்போன மீனு. தெரிஞ்சே போட்டுக் குடுத்தானே, அவனோட அம்மா நானு."