சூடான அறை

கம்சிகா முழுகிய ஈரத் தலையோடு முற்றத்தில் வந்து நின்றாள். அவளுடைய பயணப்பை ஏற்கனவே வாசல் படலையடியில் இருந்தது. அவள் என் மனைவி கோசலாவின் தங்கை. கோசலாவின் ஆண்டுத் திவசம் இன்னும் வரவில்லை. அக்கா வேலை செய்த அதே தொழிற்சாலைக்குத் தங்கையும் புறப்பட்டுவிட்டாள்.

"அத்தான், போட்டு வாறன்."

"தலையைக் காயவிட்டிட்டுப் போம்."

"பஸ் போயிடும். கொழும்பு போய்ச் சேருறதுக்குள்ள காயாதே?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோசலா உயிரோடு இருந்தபோது நாங்கள் தெற்கில் இருந்தோம்; எங்கள் ஊரவர் ஒருவரின் கடையில் நான் வேலைக்கு நின்றேன். கோசலா பக்கத்துத் தொழிற்சாலையில் ஊசிகளும் சேலைன் குழாய்களும் அடைத்த பெட்டிகளை அடுக்கினாள். பிளாஸ்டிக்கை அவித்தால் உருகிவிடும். அதனால் பெட்டிகளை ஒரு இரும்பு அறைக்குள் பூட்டி, கிருமி சாவதற்கு வாயு விடுவார்கள். அவர்களுக்கு அது வெறும் 'காஸ்'. எதிலீன் ஒட்சைட்டு என்ற பெயரை நான் பிறகு ஆஸ்பத்திரியில்தான் கேள்விப்பட்டேன். பெட்டிகளில் ஊறிய காஸ் வெளியேறும்வரை அவற்றை இன்னொரு சூடான அறையில் வைப்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் கோசலா விடிய முழுகி, சாமிப்படத்துக்கு விளக்கேற்றாமல் வேலைக்குப் போகமாட்டாள். தொழிற்சாலை முழுக்கக் குளிரூட்டி. ஈரத் தலையில் குளிர் பட்டால் தடிமன் பிடிக்கும் என்று பயந்து அந்தச் சூடான அறைக்குள் போய்க் கூந்தலை விரித்துக்கொண்டு நிற்பாள். வடக்கில் எங்கள் பக்கத்திலிருந்து போன பெண்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். மற்றவர்கள் அந்த அறையைத் 'தமிழ் சலூன்' என்று பகிடி பண்ணுவார்களாம்.

"உள்ளுக்கு ஒரு இனிப்பு மணம், இஞ்சாருங்கோ."

"அப்ப உமக்குப் பூ வாங்கத் தேவையில்லை."

அந்த மணம் உண்மையில் அவளுடைய தலையில் வந்ததா, அவள் சொன்னதால் எனக்கு அப்படித் தோன்றியதா, இப்போது தெரியவில்லை.

முதலில் ஒரு பிள்ளை வயிற்றில் தங்காமல் போனது. பிறகு கைகால்களில் காரணமில்லாமல் கன்றிய நீலத் திட்டுகள் வந்தன. இரத்தப் புற்றுநோய் என்றார்கள். அவளுடைய வேலையை விசாரித்த டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அந்த அறை மணத்ததோ?"

"ஓம், டொக்டர். இனிப்பா."

"மூக்குக்குத் தெரியுதெண்டா, அது எவ்வளவோ கூடிப்போன அளவு அம்மா. இதாலதான் வந்தது எண்டு என்னால சொல்லேலாது. இல்லையெண்டும் சொல்லமாட்டன்."

மருந்து ஏற்றத் தொடங்கியதும் கூந்தல் தலையணையோடு வந்தது. ஒருநாள் தாதி குழாய்ப் பொதியைக் கிழித்தபோது கோசலா அந்த உறையைக் கேட்டு வாங்கினாள்.

"இஞ்ச பாருங்கோ, எங்கட சாமான். பயப்பிடாதேங்கோ, வடிவாக் காஸ் அடிச்சது. ஒரு கிருமி இராது."

அவளுடைய குரலில் இருந்தது பெருமை. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

"அந்த அறைக்குள்ள போகாதையும்," என்றேன் முற்றத்தில் நின்ற கம்சிகாவிடம்.

"இப்ப பூட்டுப் போட்டிட்டினமாம்."

"திறப்பு ஆரிட்ட?"

அவள் கால்விரலால் மணலைக் கிளறினாள். "அடுக்கிற ஆக்களிட்டத்தான். ஆரோ ஒராள் அடுக்கத்தானே வேணும், அத்தான். இல்லாட்டி அக்காவுக்கு எதால மருந்து ஏத்தியிருப்பினம்?"

வீட்டுக்குள்ளிருந்து அவளுடைய தாய், என் மாமி, விபூதித் தட்டோடு வந்தாள்.

"பிள்ளை, அங்க போயும் வெள்ளிக்கிழமை முழுக்கை விட்டிடாதை. அக்கா ஒருநாளும் விட்டவள் இல்லை."

"அங்க முழுகவேண்டாம்," என்றேன்.

மாமியின் கை கம்சிகாவின் நெற்றிக்கு முன்னால் அப்படியே நின்றது. "என்ன தம்பி கதைக்கிறியள்?"

பஸ் ஹோர்ன் அடித்தது. கம்சிகா குனிந்து, தானே தாயின் விரலில் நெற்றியை ஒற்றிக்கொண்டு பையைத் தூக்கினாள். படலை ஆடி நின்றது. பஸ்ஸின் இரைச்சல் கடற்கரைப் பக்கம் தேய்ந்து போனது.

முற்றத்தில் அவள் நின்ற இடத்தில், கூந்தலிலிருந்து சொட்டிய நீர் மணலில் சிறுசிறு குழிகளாகக் கிடந்தது. மாமி அவற்றை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.