ஏர்ஹாரன் வீட்டு மாடியில் சோலார்

ஓய்வுபெற்ற பஸ் டிரைவரை அந்தத் தெருவே ஏர்ஹாரன் என்றுதான் சொல்லும். பக்கத்தில் இருப்பவரிடம் பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும். வண்டியை விட்டு இறங்கிய பிறகும், வீட்டில் ஸ்டியரிங்கை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

பக்கவாதத்தில் விழுந்த மனைவி கோடை வெக்கையில் முதுகு புண்ணாகிக் கிடந்தாள். ஏசி இருந்தது. கரண்டு பில்லுக்குப் பயந்து அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். அப்போதுதான் சோலார் கம்பெனி ஆள் வந்தான். பேனலை வாங்க வேண்டாம், கம்பெனியே மாட்டித் தரும், மாச வாடகை போதும் என்றான். ஆனால் ஒப்பந்தம் இருபது வருஷம். நடுவில் வீட்டை விற்றால், வாங்குகிறவர் அந்த வாடகையையும் தலையில் கட்டிக்கொள்ள வேண்டும்.

மருந்துக்கடை வைத்திருக்கும் மகன் உதட்டைப் பிதுக்கினான்.

"இருபது வருஷமா? அதுவரைக்கும் இந்த வீட்ல யாருப்பா இருக்கப் போறாங்க?"

"நான் போய்ச் சேந்துடுவேங்கிற. அதானே?"

"நாளைக்கு விக்கணும்னா இந்த வில்லங்கத்தோட எவன் வாங்குவான்?"

மகள் குரலைத் தணித்துக்கொண்டாள். "அம்மாவுக்கு ஏசியைப் போட்டு விடுங்கப்பா. பில்லை நாங்க ரெண்டு பேரும் கட்டுறோம். இது மட்டும் வேண்டாம்."

நியாயமான பேச்சுதான். அவருக்கும் அது தெரிந்தது. ஆனால் உயிரோடு இருக்கும்போதே வீட்டுக்கு விலை பேசுகிறார்களே என்பது நெஞ்சில் முள்ளாய்த் தைத்துவிட்டது. அதற்கப்புறம் அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

மறுநாள் கம்பெனி ஆளை அவரே வரவழைத்தார். வீடு மனைவி பேரில் இருந்தது. அவளுக்கு இடது கையால் கிறுக்க முடியும்.

"பசங்க... சரின்னாங்களா?" என்று குழறினாள்.

"சரின்னுட்டாங்க. போடு."

போட்டாள்.

தினமும் காலையில் வந்து அம்மாவைக் குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்து வைத்துப் போவது மகள்தான். பேனல் ஏறிய மறுநாள் மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"வீடு அம்மா பேர்ல இருக்கு. பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கினீங்களா?"

"இஷ்டமிருந்தா வா. இல்லேன்னா நடையக் கட்டு."

வழக்கம்போல அம்மாவைக் குளிப்பாட்டினாள், புண்ணைத் துடைத்தாள், துணிகளை மடித்து வைத்தாள். அதோடு சரி, பிறகு வரவே இல்லை. மகன் மட்டும் போனில் சொன்னான்: "இருபது வருஷமும் நீங்களே பாத்துக்கங்க."

ஏர்ஹாரன் குளிப்பாட்ட இறங்கினார். கியரைத் தள்ளுகிற மாதிரி மனைவியைப் புரட்டினார். புண் உரசி அவள் வீறிட்டாள்.

"அவ ஏன் வரல?"

"வேலையாம்."

ஈரத்தைச் சரியாகத் துவட்டாமலே போர்வையை இழுத்துவிட்டார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க சரின்னு சொல்லல... இல்ல?"

அவர் வாளியைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

"கூப்பிடுங்க அவள. ஒரு வார்த்த... தப்புன்னு சொன்னா வந்துடுவா."

"நானா? அவகிட்டயா?"

ஏசி உறுமிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பல் கிட்டித்தது.

"குளிருது. அதையாவது அணைங்க."

"வாடகை கட்டியாச்சு," என்றார் ஏர்ஹாரன். "ஓடட்டும்."